சோலார், எஸ்டிபி, மழைநீர்த் தொட்டி: யாரைப் பழக்குவது?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறக்கப்பட்டபோது, லீட் தங்கச் சான்று பெற்ற பசுமைக் கட்டடம் என்று ஊரே பேசியது. சில ஆண்டுகளில் அதன் பராமரிப்புக் குறைபாடு வழக்காகி, உயர் நீதிமன்றம் வரை போனது. சான்று கட்டி முடித்த கையோடு வந்துவிடும். பம்பும் ஏசியும் வடிகாலும் அதற்குப் பிறகுதான் தேய ஆரம்பிக்கும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்குமாடிகளிலும் சின்ன அளவில் இதே கதைதான். மாடியில் சோலார், கீழே மழைநீர் சேகரிப்பு, கொஞ்சம் பெரிய வளாகமென்றால் எஸ்டிபி எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு. வாங்கியது அசோசியேஷன், ஓட்டப்போவது யார்?

செலவு குறைந்த வழி, இருக்கிற வாட்ச்மேனையே பழக்குவது. மழைநீர் விஷயத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவதைக் கணக்கிட்டால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். அதைக் கோட்டைவிடக் குழாய் வாயில் நாலு மாவிலை அடைத்தாலே போதும். புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டி, வண்டல் தொட்டியைத் திறந்து, கூழாங்கல்லை எடுத்து அலசிப் போட வேண்டும். ஒரு காலை நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. 2003இல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் தோண்டிய குழிகள் பல, இன்று எங்கே இருக்கின்றன என்று செக்ரட்டரிக்கே தெரியாது. முதல் பாடம் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான்.

ஆனால் அடையாறில் பழகியவர் தி.நகரில் அதையே செய்தால் போதாது. அடையாறை ஒட்டிய பெசன்ட் நகர்ப் பக்கம் மணல். சாதாரணக் குழியே தண்ணீரைக் குடித்துவிடும். தி.நகர் பழைய ஏரிப் படுகை. களிமண் உள்ள இடத்தில் ஆழமான ரீசார்ஜ் கிணறு இல்லாவிட்டால் குழி குட்டையாகிவிடும். ஆகாஷ் கங்கா டிரஸ்ட் 2002இல் தொடங்கிய மழை இல்லம் என்ற மழைநீர் சேகரிப்பு விளக்க மையம் இதையெல்லாம் மாதிரிகள் வைத்தே விளக்கிவந்தது. படக்கையேட்டைவிட, ஓடுகிற தொட்டியை நேரில் காட்டினால் ஆள் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

சோலாருக்கு இரண்டு யோசனைகள் வரும்: பொருத்திய கம்பெனிக்காரர் சொல்லித் தருவது, அல்லது ஆளைப் படிப்புக்கு அனுப்புவது. 2015இல் மத்திய அரசு தொடங்கிய சூர்யமித்ரா, 600 மணி நேரப் பயிற்சி. பேனல் பொருத்தப் போகிறவருக்கு நல்லது. பேனல் கழுவுகிறவருக்கு வீண். அவருக்குத் தெரியவேண்டியது கொஞ்சம்தான்: வெயில் ஏறும் முன் கழுவ வேண்டும், உப்புப் படியும் போர் தண்ணீர் கூடாது, தினம் இன்வர்ட்டரில் யூனிட்டைக் குறிக்க வேண்டும், வயரைத் தொடாமல் போன் செய்ய வேண்டும். இதைக் கம்பெனிக்காரரே சொல்லித் தரலாம். சிக்கல் என்னவென்றால், ஒப்படைக்கிற நாளில் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார். கேட்டு நிற்பவர் ஒடிசாக்காரராக இருக்கலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை, அவருக்குப் புரியும் மொழியில் என்று ஆர்டரிலேயே எழுதி, கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

எஸ்டிபி வேறு ரகம். அதை வாட்ச்மேன் தலையில் கட்டுவது அநியாயம். ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், கொடுத்தே ஆகவேண்டும். எந்த கம்பெனிக்கு என்பதுதான் கேள்வி. வரும் ஆபரேட்டரிடம் ஒரு லிட்டர் அளவு ஜாடியைக் கொடுங்கள். காற்றூட்டும் தொட்டியிலிருந்து மொண்டு, அரைமணி அசையாமல் வைத்து, சேறு எத்தனை மில்லி வரை படிந்தது என்று பார்த்து, அதை வைத்துப் புளோயர் நேரத்தையும் சேறு எடுப்பதையும் பற்றிப் பேசுகிறாரா? வேலை தெரிந்தவர். குளோரினைக் கொட்டி நாற்றத்தை அமுக்குகிறவரானால் வேண்டாம். கம்பெனி மாறினாலும் லாக் புக் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கட்டும். நம் ஆள் ஒருவர் அதைத் தினம் பார்க்கட்டும்.

எந்த வழியானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது: தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உள்ளே தங்கும் வாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றக் குதிக்கிறவரும் போவார். அடைப்பா, வெளியிலிருந்து இயந்திரம் வரட்டும்.

பழக்கிய ஆள் ஆயிரம் ரூபாய் கூடுதலுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவாரே என்பார்கள். போகத்தான் செய்வார், சம்பளம் பழைய சம்பளமாகவே இருந்தால். பன்னிரண்டு வீட்டு அசோசியேஷனால் அவ்வளவு கட்டுப்படியாகாது என்றால், மந்தைவெளி, மயிலாப்பூர்ச் சந்துகளுக்குப் பொருந்தும் வழி ஒன்று உண்டு: நாலைந்து கட்டடங்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஒரே பிளம்பர்-எலக்ட்ரீஷியனை முழுநேர மாதச் சம்பளத்தில் வைப்பது. எனக்குப் பிடித்தது இதுதான். ஒரே ஒரு தொல்லை, ஐப்பசியில் விடியவிடியக் கொட்டும்போது ஐந்து செக்ரட்டரிகளும் ஒரே நேரத்தில் அவருக்குப் போன் செய்வார்கள். முதலில் எந்த சம்ப், அடுத்து எது என்ற வரிசையை ஆவணியிலேயே பேசி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.