ஈர விறகு தின்னும் வெப்பம்

நண்பகலில் கிணற்றடி மணல் காலைச் சுடுகிறது. பக்கத்தில் வாளியிலுள்ள தண்ணீரோ அவ்வளவு சுடுவதில்லை. இரண்டுக்கும் ஒரே வெயில்தானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான வெப்பம் அதன் தன்வெப்பக் கொள்ளளவு எனப்படும். உலர்ந்த மணலுக்கு இது ஏறத்தாழ 800 யூல். நீருக்கு 4,200 யூல். நீர் எளிதில் சூடேறாமைக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இனி அடுப்படிக்கு வருவோம். 30 பாகையிலுள்ள 2 லீற்றர் நீர் கொதிக்க 70 பாகை உயரவேண்டும். அதற்கு 2 × 70 × 4,200 = 588,000 யூல் தேவை.

நாம் அடுப்பில் வைக்கும் ஈர விறகினுள் கால் லீற்றர் நீர் இருப்பதாகக் கொள்வோம். அது 100 பாகைக்குச் சூடேற 73,500 யூல் வேண்டும். பின்னர் ஆவியாக மேலும் 565,000 யூல் வேண்டும். மொத்தம் 638,500 யூல். அதாவது, 2 லீற்றர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பத்தை விறகிலுள்ள ஈரமே தின்றுவிடுகிறது. தொலைவிலிருந்து தலையிற் சுமந்து வந்த உழைப்பு புகையோடு போகிறது.

ஆகவே, விறகைச் சிறிதாகப் பிளந்து, மழை படாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி உலர விடுவோம். பானையை மூடிக் காய்ச்சுவோம். குடிநீர் நன்கு கொதித்து ஒரு நிமிடம் கடந்ததும் இறக்குவோம். அதற்கு மேல் எரியும் விறகு நீரை ஆவியாக்குமேயன்றி, அதன் சூட்டைக் கூட்டாது.