பெருந்தொற்றுக் காலத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவம்

நோயாளியின் முகத்திற்கு ஒரு முழத் தூரத்தில் தம் முகத்தை வைத்துச் செய்யவேண்டிய பணி காது, மூக்கு, தொண்டை மருத்துவருடையது. வாயைத் திறந்து “ஆ” என்று சொல்லும்படி அவர் கேட்கும்போது, நோயாளியின் மூச்சு நேரே அவர் மீது படுகிறது. மூச்சின் வழியே பரவும் நோய் ஊரெங்கும் இருக்கும் காலத்தில் இந்த ஒரு முழத் தூரம் ஆபத்தானதாகிவிடுகிறது.

2020 மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று எனக் குறிப்பிட்டது. அதே மாதம் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. உலகளாவிய நெருக்கடி நிலை 2023 மே 5ஆம் நாள் முடிவுற்றது. எனினும், இத்தகைய நோய் இனி வாராது என்று சொல்வதற்கில்லை. ஆகவே, அந்நாட்களில் கற்ற பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.

ஆபத்து எங்கே?

கோவிட் கிருமி மூக்கிலும் தொண்டையிலும் மிகுதியாகப் பெருகுகிறது. காய்ச்சலோ இருமலோ தோன்றுமுன்னரே அது பிறருக்குப் பரவக்கூடும். ஆதலால், நலமாக இருப்பவர்போல் தோன்றுபவரிடமும் கிருமி இருக்கலாம். நோயின் தொடக்கத்தில் பலருக்கு மோப்ப உணர்வு திடீரென மறைந்தது. மூக்கில் ஏதோ கோளாறு என்று எண்ணி அவர்கள் நாடிச் சென்றதும் இம்மருத்துவரையே.

மருத்துவ முறைகளிலும் ஆபத்து உண்டு. மூக்கினுள் குழாய்க் கருவியைச் செலுத்தினால் தும்மல் வரும். தொண்டையைத் தொட்டால் இருமல் வரும். மூச்சுவிட முடியாதவருக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறக்கும்போது, கிருமி கலந்த நுண்துளிகள் காற்றில் எழும். நடுக்காதும் மூக்கின் பின்புறமும் ஒரு சிறு குழலால் இணைந்திருப்பதால், காதெலும்பைக் குடையும் அறுவைச் சிகிச்சையிலும் எச்சரிக்கை தேவைப்பட்டது.

மருத்துவர்கள் கையாண்ட வழிகள்

முதலாவது, தரம் பிரித்தல். நேரில் பார்க்கவேண்டியவர் யார், தொலைபேசியில் விசாரித்து மருந்து கொடுக்கக் கூடியவர் யார், காத்திருக்கக் கூடியவர் யார் என முன்னரே பிரித்தனர்.

இரண்டாவது, நெரிசலைக் குறைத்தல். நோயாளிகளுக்கு வெவ்வேறு நேரம் குறித்துக் கொடுத்தனர். தும்மலோ இருமலோ எழுப்பும் சோதனைக்குப் பின்னர், அறையின் காற்று மாறும்வரை காத்திருந்தனர். ஒரு மணி நேரத்தில் 12 முறை காற்று மாறும் அறையில், காற்றிலுள்ள நுண்துளிகளில் 100க்கு 99 பங்கு நீங்க ஏறத்தாழ 23 நிமிடம் ஆகும். 6 முறையே மாறுமாயின் 46 நிமிடம் வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள் என்று கூறுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, தற்காப்பு. மருத்துவர் என்-95 முகக்கவரி, கண்காப்பு, மேலங்கி, கையுறை ஆகியவற்றை அணிந்தார். காதைப் பார்க்கும்போது நோயாளி முகக்கவரியைக் கழற்றத் தேவையில்லை. மூக்கைப் பார்க்கும்போது வாயை மட்டுமாவது மூடிக்கொள்ளச் செய்தனர். உடைகளை அணிவதைவிடக் கழற்றுவதில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். அவற்றின் வெளிப்புறத்தில் கிருமி ஒட்டியிருக்கும். எனவே கையுறையை முதலில் நீக்கி, முகக்கவரியை இறுதியில் கழற்றி, கைகளைத் தூய்மை செய்தனர்.

நான்காவது, அறுவையில் நிதானம். அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைத்தனர். தள்ளிவைக்க இயலாதவற்றுக்கு முன்கூட்டியே கிருமிப் பரிசோதனை செய்தனர். மூச்சுக்குழாயைத் திறக்கும் வேளையில் செயற்கை மூச்சுக் கருவியைச் சில நொடிகள் நிறுத்தினர். அனுபவம் மிக்க ஒரு சிலர் மட்டுமே அறைக்குள் இருந்தனர்.

யார் காத்திருக்கக் கூடாது?

தள்ளிவைத்தலில் ஓர் இடரும் உண்டு. பால்மரம் வெட்டும் ஒருவருக்கு ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கமுடையவர். “நோய்க் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவானேன்?” என்று அவர் வீட்டிலிருந்துவிட்டால், தொடக்கத்திலேயே தீர்த்திருக்கக்கூடிய தொண்டைப் புற்றுநோய் முற்றிவிடலாம். அவருக்குக் கிருமியைவிட அச்சமே பெரும் பகையாகிவிடும்.

பின்வரும் குறிகள் தோன்றினால், எந்தக் காலமாயினும் நாம் தாமதிக்கலாகாது:

1. மூச்சு விடும்போது ஓசையுடன் திணறல். எச்சிலையும் விழுங்க முடியாமை.
2. குழந்தை வட்டமான சிறு பேட்டரியை விழுங்குதல் அல்லது மூக்கில் இட்டுக்கொள்ளுதல். சில மணி நேரத்திலேயே அது உட்சதையை அரித்துவிடும்.
3. ஒரு காது திடீரெனக் கேளாமற்போதல்.
4. காதின் பின்புறம் வீக்கமும் காய்ச்சலும்.
5. மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல் அல்லது கழுத்துக் கட்டி.
6. நிற்காத மூக்கு இரத்தம். தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காவிடில் உடனே செல்ல வேண்டும்.

நம் கடமை

தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் முதலில் தொலைபேசியில் பேசுவோம். காய்ச்சல், இருமல், மோப்பமின்மை, நோயாளியோடு பழகியது ஆகியவற்றை ஒளிக்காமல் கூறுவோம். உண்மையைச் சொன்னால் நம்மைத் திருப்பியனுப்பிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். எந்த அறையில், எத்தகைய தற்காப்போடு நம்மைப் பார்ப்பது என்று தீர்மானிக்கவே அவர்கள் கேட்கிறார்கள். நாம் மறைக்கும் ஒரு சொல்லால் ஒரு மருத்துவர் நோய்வாய்ப்பட்டால், அவருக்காகக் காத்திருக்கும் நூறு பேர் மருத்துவமின்றித் தவிப்பர்.

துணைக்கு ஒருவரை மட்டும் அழைத்துச் செல்வோம். குறித்த நேரத்திற்குச் செல்வோம். காதில் கோழியிறகையும் எண்ணெயையும் விட்டு நாமே வைத்தியம் பார்ப்பதைத் தவிர்ப்போம்.

நம்மை நெருங்கி வந்து பார்ப்பது மருத்துவரின் கடமை. அந்த நெருக்கத்தால் அவருக்குத் தீங்கு நேராமல் காப்பது நம் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் நோய்க் காலத்திலும் மருத்துவம் தடையின்றி நடைபெறும்.