நீர்வழி உலாவும் தோணி இழுப்போரும்: சிலப்பதிகாரம் முதல் ‘மாவலிபுரச் செலவு’ வரை

1934-ஆம் ஆண்டு முழுநிலா இரவொன்றில் பாரதிதாசன் தம் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குத் தோணியில் சென்றார். ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோர் உடன் சென்றதாக அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அப்பயணத்தின் விளைவே ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடல். இயற்கைப் புனைவிற்கும் பொதுவுடைமைக் கருத்திற்கும் சான்றாக இப்பாடல் பலராலும் எடுத்தாளப் பெற்றுள்ளது. இன்பத்திற்காக நீர்வழிச் செல்வோர், தம்மைச் சுமந்து செல்வோரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது என்னும் வினாவை இப்பாடல் எழுப்புவதும், அவ்வினாவிற்குத் தமிழ் மரபில் முன்னோடி உண்டா என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

கால்வாய்

பாடல் குறிக்கும் நீர்வழி பக்கிங்காம் கால்வாய் ஆகும். 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் தனியார் முயற்சியாகச் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய இக்கால்வாய், பின்னர் அரசின் கைக்கு மாறிப் படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877, 1878 ஆகிய ஆண்டுகளில், பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாயின் பெயராயிற்று. சோற்றுக்காக மண் சுமந்தோர் வெட்டிய வழி, கொடுத்தவரின் பெயரால் வழங்குகிறது. விறகும் உப்பும் நெல்லும் இவ்வழியே சென்னைக்கு வந்தன. ஆகவே 1934-இல் இக்கால்வாய் உல்லாசத்திற்கென அமைந்த நீர்நிலையன்று, சரக்கு வழி. நண்பர் குழு அதைச் சில மணி நேரம் உலாவுக்குரியதாக ஆக்கிக்கொண்டது.

சென்னையில் தொடங்கும் வாய்க்கால் புதுச்சேரி வரை நீள்கிறது என்று பாடலின் தொடக்கம் கூறுகிறது. கால்வாயின் தென்முனை மரக்காணத்தை ஒட்டியே முடிகிறது. புதுச்சேரியை அது தொடவில்லை. இதனைப் பிழை என்று கொள்வதைவிட, தம் ஊரையும் தோழர்தம் ஊரையும் ஒரே நீரால் இணைத்துக் காணும் கவிஞரின் விருப்பம் என்று கொள்வது பொருந்தும்.

தோழர், ஆள், தொழிலாளர்

பாடலின் தொடக்கப் பகுதி வழக்கமான உலாப் பாடல் போன்றே அமைகிறது. தோணிகள் அன்னத்திற்கு உவமிக்கப்படுகின்றன. நண்பர்கள் ஏறி அமர்கின்றனர். தோணி விரைகிறது. தெற்கு நோக்கிச் செல்கையில் நாற்புறமும் பொன்னொளி பரவுகிறது. இதுவரை தோணி தானே செல்வதாகவே தொடரமைப்பு காட்டுகிறது. சென்னையை விட்டுப் புறப்படும் வினைக்கும் எழுவாய் தோணியே. மிதக்கும் அன்னத்தை யாரும் இழுப்பதில்லை அல்லவா? உவமையே இழுப்பவரை மறைத்துவிடுகிறது.

பிறகு காட்சி மாறுகிறது. கரையில் ஒருவன் கயிற்றைத் தோளில் இட்டு இழுத்து நடக்கிறான். தோணியின் பின்புறத்தில் இன்னொருவன் முதுகு வளைந்து கோலை ஊன்றித் தள்ளுகிறான். முன்பு அன்னமாக மிதந்த தோணி இப்போது மலையாகக் கனக்கிறது. ஒரே பொருளுக்கு வந்த இவ்விரு உவமைகளையும் இணைத்து நோக்க வேண்டும். அமர்ந்திருப்பவருக்கு அன்னமாக உள்ளது தள்ளுபவனுக்கு மலையாகிறது. பாடலின் கருத்து முழுவதும் இவ்வுவமை மாற்றத்திலேயே அடங்கிவிடுகிறது எனலாம். அடுத்து வெளிப்படையாகக் கூறப்படும் கருத்துரை அதற்கு உரை போன்றதே.

அக்கருத்துரை, உலகில் எவரும் இன்பக் கரை ஏறுவதற்குத் தொழிலாளர் தோளன்றித் துணை இல்லை என்பது. 1932-இல் உருவான ஈரோட்டுத் திட்டத்தின் தாக்கம் சுயமரியாதை இயக்கத்தினரிடையே நிலவிய காலம் அது. தோணியில் இருந்தோர் அவ்வியக்கத்தோடு தொடர்புடையோர். எனவே அக்கூற்று வியப்புக்குரியதன்று. வியப்புக்குரியது, அதனை இருபது முறை சொன்னதாகக் கவிஞர் கூறுவதே. ஒருமுறை சொன்னால் கருத்து நிறைவுறும். இருபது முறை சொல்வது மன உறுத்தலின் அடையாளம். காணப் பொறுக்கவில்லை என்று கூறிய பின்னரும் தோணியினின்று இறங்கியதாகவோ கயிற்றில் கை வைத்ததாகவோ பாடலில் குறிப்பில்லை.

சொல்லாட்சியும் இதனை உறுதிப்படுத்துகிறது. உள்ளே இருப்போர் ‘தோழர்’. கயிறு இழுப்பவன் ‘ஆள்’. கருத்துரையில் வருவோர் ‘தொழிலாளர்’. அக்கால இயக்க வழக்கில் ‘தோழர்’ என்பது சமத்துவத்தைச் சுட்டும் விளிச்சொல்லாக வளர்ந்து வந்தது. ‘ஆள்’ என்பதோ கூலிக்கு அமர்த்தப்பட்டவனைக் குறிக்கும் அன்றாடச் சொல். ‘ஆள்’ என்னும் ஒருமை ‘தொழிலாளர்’ என்னும் பன்மையாக உயர்த்தப்படுகிறது. ஆயினும் ‘தோழர்’ என்னும் வட்டத்திற்குள் அவன் அழைக்கப்படவில்லை. அவன் பெயர் கேட்கப்படவில்லை. அவன் பேசவும் இல்லை. இதனைக் கவிஞரின் குறையாகக் காட்டுதல் எளிது. ஆனால் அவனை ஒரு சொல்லால் தோழனாக்கி, தோணியிலிருந்தோரின் மனச்சுமையை இறக்கிவிடாமையே இப்பாடலின் நேர்மை. கருத்துரை முடிந்த அளவில் நிலவு முத்தொளி சிந்தி எழுகிறது. சிந்து நடையும் மாறவில்லை. உலா தொடர்கிறது, உறுத்தலும் தொடர்கிறது.

‘இயக்குதல்’ என்னும் வினை

இன்ப நீருலாவைப் பாடும் பழைய பகுதிகளில் இழுப்போர், தள்ளுவோர், துழாவுவோர் எவ்வாறு இடம்பெறுகின்றனர்? சிலப்பதிகார ஊர்காண் காதையில் மதுரைக் கணிகையரின் வையை விளையாட்டு கூறப்படுகிறது. அங்கு நீர்மாடம், நாவாய், பூம்புணை ஆகிய மூவகைக் கலங்கள் வருகின்றன. நீர்மாடம் என்பது மாடம் போல் அமைந்த ஓடம். இன்று ஆலப்புழைக் காயல்களில் காணும் படகு வீட்டிற்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது. இவற்றுள் நீர்மாடமும் நாவாயும் ‘இயக்கி’ என்னும் ஒரே வினையெச்சத்தால் நகர்த்தப்படுகின்றன. எச்சத்தின் வினைமுதல் புனலாடி மகிழ்ந்தவரே. துழாவுவோரின் உழைப்பை அப்பிறவினை விழுங்கிவிடுகிறது. அரசன் கோயில் கட்டினான் என்னும்போது கொத்தர் மறைவது போன்றதே இது.

அதற்கு முந்தைய புறஞ்சேரி இறுத்த காதையிலும் இதே வினை வருகிறது. குதிரைமுகம், யானைமுகம், அரிமாமுகம் கொண்ட அம்பிகள் இயங்கும் பெருந்துறையின் பக்கம் செல்லாது, கோவலனும் கண்ணகியும் கவுந்தியும் மரப்புணையில் வையையைக் கடக்கின்றனர். பெருந்துறைக் கலங்களை ‘இயக்கும்’ என்னும் பெயரெச்சம் செலுத்துகிறது. அங்கும் செலுத்துவோர் சுட்டப்படவில்லை. ஆனால் கலத்தைத் தேர்வதிலேயே ஒரு நடைமுறை வெளிப்படுகிறது. அணிசெய்யப்பட்ட அம்பி விழாவுக்கும் செல்வத்திற்கும் உரியது. ஊரறியாது புகுவோர்க்குப் புணை. எந்நிலையில் எக்கலம் ஏறுவது என்னும் ஒழுங்கைக் காப்பியம் அறிந்திருக்கிறது. கலத்தைச் செலுத்துவோரிடம் எவ்வாறு நடப்பது என்பது அதன் அக்கறைக்குள் வரவில்லை.

பரிபாடலில் முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களுள் வையைக்குரியவை எட்டு. நீராட்டின் நெரிசலும் ஊடலும் அப்பாடல்களில் விரிகின்றன. புதுப்புனல் ஊராரையெல்லாம் ஒன்றுகூட்டும் ஆற்றலாகக் காட்டப்படுகிறதேயன்றி, பிறரால் செலுத்தப்படும் வழியாக அது முதன்மை பெறவில்லை. எனவே அவை இவ்வாய்விற்கு அதிகம் உதவவில்லை.

இதற்கு மறுப்பாகக் கம்பனின் குகனைச் சுட்டலாம். பெயரும் குடியும் பெருமையும் உடைய ஓடக்காரன் அவன். இராமனால் உடன்பிறப்பாகவே ஏற்கப்பட்டவன். உண்மை. ஆனால் கங்கையைக் கடப்பது உலாவன்று, நாடிழந்தோரின் செலவு. இடர்ப்பட்டுக் கடப்போர் ஓடக்காரனின் முகத்தைக் காண்கின்றனர். இன்பத்திற்கு ஏறியோர் நீரையே காண்கின்றனர். இப்பாகுபாட்டை உடைத்து, உலாவுக்கு ஏறியவரின் கண்ணைக் கரைப்பக்கம் திருப்பியதே ‘மாவலிபுரச் செலவு’ செய்த புதுமை.

தொல்காப்பியம் மகளிரொடு கடல்வழிச் செல்லுதலை விலக்கியதும் இங்கு நினைவுக்கு வரும். அவ்விதி முந்நீர்க்கு உரியது, கால்வாய்க்கு அன்று. குஞ்சிதம் குருசாமி ஏறிய தோணியில் அவ்விதியைப் பொருட்படுத்துவோரும் இருந்திருக்க மாட்டார்.

குதிரை செய்யும் வேலை

பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல் ஏற்றி வந்த பஃறிகள் கழிக்கரையில், பந்தியில் நிற்கும் குதிரைகள் போல வரிசையாகப் பிணிக்கப்பட்டிருக்கின்றன. அங்குப் படகே குதிரை. பக்கிங்காம் கால்வாயிலும் அதே உப்பும் நெல்லும் சென்றன. ஆனால் மனிதனே கயிற்றை இழுத்தான். இங்கிலாந்துக் கால்வாய்களில் அவ்வேலையைச் செய்தது உண்மையான குதிரை. அங்குக் கரையோரப் பாதை குதிரைக்கெனவே அமைக்கப்பட்டது.

இவ்வொப்பீடு சற்று விரித்துக் காணத்தக்கது. சரக்குப் போக்குவரத்து நலிந்த நிலையில், எல். டி. சி. ரோல்ட் தம் படகுப் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1944-இல் வெளிவந்தது. 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. அதன்பின் அக்கால்வாய்கள் விடுமுறைப் பயணத்திற்குரியனவாக மாறின. ஏறத்தாழ 7 அடி அகலமே உள்ள நீள்படகை வாடகைக்கு எடுக்கும் குடும்பம் அதனைத் தானே செலுத்துகிறது. நீர்மட்டம் மாறும் இடங்களிலுள்ள இரட்டைக் கதவு மதகுகளையும் தானே திறந்து மூடுகிறது. வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாது. கரையில் கட்டிய படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டும். இல்லையேல் அலை எழுந்து முளைகள் பிடுங்கிக்கொள்ளும், உள்ளே இருப்போரின் அடுப்பிலுள்ள பாத்திரம் கவிழும். எதிர்ப்படும் படகுக்கு வலப்புறம் ஒதுங்குதல், அகன்ற மதகில் பின்வரும் படகுக்குக் காத்திருந்து இருவரும் ஒரே நீரில் ஏறியிறங்குதல், மதகின் நீர் எவருக்குச் சாதகமாக உள்ளதோ அவரை முதலில் விடுதல் ஆகியன எழுதியும் எழுதாமலும் வழங்கும் நெறிகள். நீரை வீணாக்காமையே அவற்றுள் பலவற்றின் அடிப்படை. சரக்குப் படகு காலத்தின் தேவை விடுமுறைக் காலத்தின் நாகரிகமாக மாறிற்று.

அங்கே இழுப்பவரும் ஏறியிருப்பவரும் ஒருவரே. ஆதலால் அந்நெறிகள் சமமானோர்க்கிடையே உள்ளவை: படகுக்காரர் படகுக்காரரிடம் நடந்துகொள்ளும் முறை. பாரதிதாசனின் தோணியில் அத்தகைய நெறிக்கு இடமில்லை. அங்குள்ள உறவு தோளுக்கும் இருக்கைக்கும் இடைப்பட்டது. மெதுவாகச் செல், ஒதுங்கி நில் என்னும் விதிகளால் அதனைச் சரிசெய்ய இயலாது. பாடல் விதி எதையும் கூறாமைக்கு இதுவே காரணம் ஆகலாம்.

அதே கால்வாய் கோவளம் கழியைச் சந்திக்கும் முட்டுக்காட்டில் இன்று உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. விசைப்பொறி வந்தபின் கயிறும் கோலும் கண்ணில் படுவதில்லை. ‘இயக்கி’ என்னும் எச்சம் மீண்டும் பொருந்திவிடுகிறது. சென்னை நகருக்குள் கால்வாயை ஒட்டிப் பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் நிற்கின்றன. கயிறு இழுத்து நடக்க அங்கு இடம் காண்பது அரிது.

பாடலின் தலைப்பிலுள்ள ‘செலவு’ பழந்தமிழில் போதலைக் குறிக்கும்; செலவழுங்குதல் என்னும் துறையும் அப்பொருளிலேயே அமைந்தது. இன்றைய வழக்கில் அச்சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் பணம் கொடுத்தல். கவிஞர் இருபொருளையும் கருதினார் என்பதற்குப் பாடலில் அகச்சான்று இல்லை. தோணிக்கு என்ன கூலி தரப்பட்டது என்றும் பாடல் சொல்லவில்லை.