புகையிலையும் புத்திர பாக்கியமும்

பிள்ளையில்லா இல்லத்தில் முதலில் வசைச்சொல் ஏற்பவள் பெண்ணே. மணமாகி மூன்றாண்டு கழிந்தால் மலடி என்பர். ஐந்தாண்டு கழிந்தால் ஆடவனுக்கு மறுமணம் பேசுவர். முன்வினை என்று அமைதி கூறுவாரும் உளர். நேர்வன யாவும் முன்வினைப் பயனே என்பது ததாகதர் போதனையன்று. வாத பித்த சிலேத்துமத்தாலும், பருவ மாறுதலாலும், ஒழுங்கற்ற நடத்தையாலும் துன்பங்கள் தோன்றும் என்று சிவகர் என்னும் பரிவிராஜகருக்கு அவர் விளக்கியுள்ளார். ஆகவே கண்ணெதிரே உள்ள காரணத்தை ஆராய்வோம்.

இங்கு வண்டூர்ப் படகுத்துறையில் சற்று நின்று பார்த்தால் போதும். ஒருவர் காதில் பீடி. மற்றொருவர் உள்ளங்கையில் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்த புகையிலை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஆடவருள் பாதிக்கு மேற்பட்டோரும், பெண்களுள் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோரும் ஏதேனும் ஒருவகைப் புகையிலையைக் கொள்பவராவர்.

குழந்தையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆடவர் பக்கமும் குறையிருப்பதை மருத்துவர் காண்கின்றனர். புகையிலுள்ள காட்மியம் முதலிய நஞ்சுகள் விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. அவற்றின் ஓட்டத்தைத் தளர்த்துகின்றன. அவை தாங்கிச் செல்லும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றன. மெல்லுவோர் தப்பினர் என்று எண்ணற்க. மெல்லும் புகையிலையால் விந்தணு குன்றுவது நம் நாட்டு ஆய்விலும் தெரியவந்துள்ளது.

பெண்ணின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆடவனுக்கு விந்தணு நாள்தோறும் புதிதாய் உண்டாகும்; பெண்ணுக்கோ சூல்முட்டைகள் பிறக்கும்போதே அமைந்தவை, அழிந்தால் மீளா. புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு நான்காண்டு வரையிலும், முன்னதாகவே நின்றுவிடுகின்றது. கருப்பைக்கு வெளியே குழாயில் கரு தங்கும் அபாயமும் மிகுதி. தான் புகைக்காவிடினும் கணவன் விடும் புகையைச் சுவாசிப்பவளுக்கும் தீங்குண்டு.

மின்சிகரெட்டை நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. ஆயினும் அது வெறும் நீராவியே என்று இளைஞரிடையே ஒரு பேச்சு உலவுகின்றது. நீராவியன்று, பெரும்பாலும் நிகோடினைச் சுமந்த இரசாயன ஆவி. டென்மார்க்கில் சுமார் 2,000 இளைஞரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவில், அதை நாள்தோறும் இழுப்போருக்கு விந்தணு குறைந்திருந்தது.

நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்தில் தோழர் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார். பிள்ளையில்லையென்று மனைவியை ஊர் ஊராக வைத்தியரிடம் அழைத்துச் சென்று, இறுதியில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுமணத்திலும் மகவில்லை. பீடியே காரணம் என்று துணிந்து கூற இயலாது. அவரை ஒருவரும் பரிசோதிக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஆகலின் மகவை விரும்பும் தம்பதியர் இருவரும் குறைந்தது மூன்று மாதம் முன்னரே புகையிலையை அறவே விடவேண்டும். விடமுடியாதவர் 1800 11 2356 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் உதவி கேட்கலாம். மருத்துவச் சோதனைக்குக் கணவன் முதலிற் செல்க. அவனுக்கு அது வலியற்றது, விரைவில் முடிவது; மனைவிக்குரிய சோதனைகளோ பல, சில வேதனை தருவன.