பங்குனியில் பழுக்கும் வேலி

சித்திரை பிறக்கும் நேரத்தில் ஸ்காபுரோவிலும் மார்க்கத்திலும் எத்தனையோ பின்வளவுகளில் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். போன வருடம் மறைப்புக்காக வரிசையாக நட்ட சீடார் மரங்கள் ஒரு பக்கம் முழுக்கச் செம்பழுப்பாகி நிற்கும். “இந்தக் குளிருக்கு எந்த மரம்தான் தாங்கும்?” என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துவிடுவார்கள்.

அந்த மரத்துக்கு இதைவிட அநியாயம் வேறில்லை. ஒன்ராறியோவில் வேலிக்கு நாம் வாங்கும் வெண்சீடார், தூயா ஆக்சிடென்டாலிஸ், இந்த மண்ணிலேயே பிறந்தது. மைனஸ் 40 பாகை அதற்குப் புதிதல்ல. நயாகரா மலைச்சரிவின் செங்குத்துப் பாறைகளில், மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லாத வெடிப்புகளில் இதே இனம் கோணல்மாணலாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சனும் அவருடைய குழுவினரும் அவற்றின் ஆண்டு வளையங்களை எண்ணியபோது, உயிரோடு நிற்கும் சில மரங்களுக்கு 1,000 வயது தாண்டியிருந்தது. இராஜராஜன் தஞ்சையில் கோயில் எழுப்பிய காலத்தை ஒட்டி முளைத்தவை அவை. ஆயிரம் குளிர்காலம் கண்ட இனம் நம் வளவில் ஒரே குளிர்காலத்தில் பழுக்கிறதென்றால், குளிரைத் தாண்டி வேறு ஏதோ நடந்திருக்கிறது.

நடந்தது தாகம். சீடார் இலையுதிர்க்காத மரம். மாசி, பங்குனியில் வெயில் பளீரென்று அடித்து, காற்றும் சேர்ந்து வீசும்போது அதன் இலைகள் நீரை இழந்துகொண்டே இருக்கும். கீழே மண் கல்லாக உறைந்திருப்பதால் வேரால் ஒரு சொட்டும் உறிஞ்ச முடியாது. மேலே செலவு, கீழே வரவு இல்லை. அதனால்தான் தெற்கும் மேற்கும் பார்த்த பக்கங்கள் முதலில் பழுக்கின்றன. புதிதாக நட்ட மரத்துக்கு இன்னும் மோசம்: தோட்டத்திலிருந்து தோண்டி எடுக்கும்போதே அதன் வேரில் பெரும்பகுதி அங்கேயே அறுந்து போய்விட்டது.

ஆக, “குளிர் வந்துவிட்டால் தண்ணீர் வேண்டாம்” என்பதுதான் எல்லாவற்றிலும் கெடுதலான நம்பிக்கை. ஒக்டோபரில் தோட்டக் குழாயைச் சுருட்டி வைத்துவிடுகிறோம். மழை குறைந்த இலையுதிர் காலத்தில் அந்த மரம் அப்போதே தவிக்கத் தொடங்கிவிடுகிறது. மண் உறையும்வரை, வாரத்துக்கு ஒருமுறையாவது அடிமரத்தருகே குழாயை மெல்லக் கசியவிட்டு, ஒரு அடி ஆழத்துக்கு ஈரம் இறங்கவிடுங்கள். மேலே நாலு விரல் கனத்துக்கு மரச்சீவல் மூடாக்கு போடுங்கள். அது தண்டைத் தொடக் கூடாது. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு இதைச் செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

சாக்கு சுற்றுவது பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது மரத்துக்குப் போர்வை இல்லை. காற்றையும், வீதியில் பனி வழிக்கும் வண்டி வாரி அடிக்கும் உப்பையும் தடுக்கும் திரை. நாலு தடி நட்டு, காற்றடிக்கும் பக்கம் சாக்கைக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் தாளால் மூடுவதோ, வெயில் பட்டதும் உள்ளே சூடேறி, மரத்தைக் காப்பதற்குப் பதில் வேக வைத்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலி புதிதல்ல. கிளுவையோ பூவரசோ கதியாலாக வெட்டி, ஆழமாகக் கிடங்கு தோண்டி ஊன்றினால் மழைக்குத் துளிர்த்துவிடும். கூடினால் குழை வெட்டி ஆட்டுக்குப் போடலாம். மொட்டையாகத் தறித்தாலும் மறுபடி தழைக்கும். தலைமுறை தலைமுறையாகக் கையில் ஊறிய அறிவு அது. அந்த ஊருக்கும் அந்த மரங்களுக்கும் அது முழுக்கச் சரி. சீடாரிடம் அதே கைப்பழக்கம் இரண்டு இடத்தில் தவறுகிறது.

முதலாவது ஆழம். ஆழ நட்டால் உறுதியாக நிற்கும் என்று வேர்க்கட்டியை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறோம். ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள புதுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் களிமண். அந்த ஆழத்தில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும். கிடங்கின் அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும், ஆழம் அதன் உயரத்தை மீற வேண்டாம். தண்டு வேராக விரியும் இடம் நிலமட்டத்திலோ ஒரு விரல் மேலாகவோ தெரிய வேண்டும். கிடங்கில் இறக்கியபின் வேர்க்கட்டியைச் சுற்றியுள்ள மேல்பக்கக் கம்பியையும் சாக்கையும் வெட்டி எடுத்துவிடுங்கள். தோண்டுவதற்கு முன்னால் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று வந்து இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

இரண்டாவது கத்தி. “வெட்ட வெட்டத் தழைக்கும்” என்று நம்பி, அகன்று போன சீடாரை உள்மரம் தெரியும்வரை ஒட்ட வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனம் வலிக்கும். இலையில்லாத பழைய கொப்பிலிருந்து சீடார் துளிர்ப்பதில்லை. அந்த ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். பச்சை இருக்கும் பகுதிக்குள் மட்டும், வருடத்துக்கு ஒருமுறை, ஜூன் கடைசியை ஒட்டிக் கொஞ்சமாக வெட்டுங்கள். ஓகஸ்டின் நடுப்பகுதிக்குப் பின் வேண்டாம். பிந்தி வரும் இளந்துளிர் முற்றுமுன் உறைபனி வந்துவிடும். அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும் வெட்டினால் கீழ்க்கொப்புகளுக்கு வெயில் கிடைக்கும். தலை அகன்ற வேலிதான் சில வருடத்தில் கால் தெரிய நிற்கிறது.

சீக்கிரம் அடைய வேண்டுமென்று ஒட்டி ஒட்டி நடுவதும் வீண். டென்மார்க்கில் உருவான ஸ்மராக்ட் வகைச் சீடார் நன்றாக வளர்ந்தாலே வருடத்துக்கு ஓர் அடிதான் ஏறும். இரண்டிலிருந்து மூன்று அடி இடைவெளி விட்டால் தானாகவே கூடிவிடும். அவசரத்துக்கு எதையாவது நடுவதில் உள்ள ஆபத்துக்கு ஐரோப்பியப் பக்தோர்ன் செடியே சாட்சி. வேலிக்கென்று கொண்டுவந்தது, காடுகளுக்குள் புகுந்து, ஓட்ஸ் பயிரைத் தாக்கும் துரு நோய்க்கும் இடம்கொடுத்து, இன்று ஒன்ராறியோ சட்டத்தில் களையாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

401 நெடுஞ்சாலையின் இரைச்சலை வேலி அடைக்கும் என்ற நம்பிக்கை பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒற்றை வரிசை மரம் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

செப்டெம்பரிலும் ஒரு பதற்றம் வரும். மரத்தின் உள்பக்க இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். அது வயதான இலையின் உதிர்வு, இயல்பானது. பயப்பட வேண்டியது வசந்தத்தில் வெளிப்பக்க நுனிகள் கருகினால்தான். அப்போதும் மண்வெட்டியை எடுக்காதீர்கள். நகத்தால் கொப்பின் தோலைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மண் இளகியதும் நன்றாக நீர் ஊற்றிவிட்டு, ஜூன் பாதிவரை ஒரு கொப்பையும் தொடாமல் விட்டு, எங்கே துளிர் வருகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் பழுப்பாகவே இருக்கும் நுனிகளை மட்டும் நறுக்கினால் போதும்.