கொம்பிசை பயிற்றும் தனியாசிரியர்

நூற்கல்வி புகட்டும் ஆசிரியர் நாற்பது மாணவரை ஒருங்கே இருத்திப் பாடஞ் சொல்லுதல் கூடும். காற்றிசைக் கருவி பயிற்றும் ஆசிரியரோ ஒரு மாணவனின் மூச்சு, உதடு, நாக்கு, செவி ஆகிய நான்கையும் ஒரே வேளையிற் கவனிக்கவேண்டியவர். ஆதலின் அவர் பணி பெரும்பாலும் தனித்தனியே அமர்த்திப் பயிற்றும் பணியாகவே இருந்துவருகின்றது. பிரெஞ்சு ஹோர்ன் என வழங்கும் மேனாட்டுக் கொம்பு வாத்தியத்தை இவ்வாறு தனியே பயிற்ற விரும்புவோர்க்கு வேண்டப்படுவன யாவை என்பதை நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சைவமும் தமிழும் வளர்க்கும் கல்லூரியின் மலரில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். நம் பழைய மாணவர் பலருடைய மக்களும் பேரரும் இன்று இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் கல்வி பயில்கின்றனர். அந்நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் இசைக்குழுவும் உண்டு. அங்கே ஒரு பிள்ளையின் கையில் இக்கருவி வந்து சேருமாயின், எத்தகைய ஆசிரியரை நாடல் வேண்டும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அன்றியும், கருவி எதுவாயினும் குருவின் இலக்கணம் பெரிதும் வேறுபடுவதில்லை.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். வளைத்துச் சுருட்டப்பெற்ற இதன் பித்தளைக் குழாயை நிமிர்த்தினால், எஃப் சுருதிக் கருவியாயின் ஏறக்குறைய 12 அடி நீளமிருக்கும். சாதாரண திறம்பெற்றின் குழாயோ நாலரை அடியளவினது. ஒரு குழாயில் இயற்கையாக எழும் சுரங்கள் அடியில் ஒன்றுக்கொன்று தொலைவாகவும், மேலே செல்லச் செல்ல நெருக்கமாகவும் அமைந்துள்ளன. எட்டாவது இயற்கைச் சுரத்துக்கும் பதினாறாவது சுரத்துக்கும் இடைப்பட்டது ஒரேயொரு ஸ்தாயிதான். அதற்குள் எட்டுப் படிகள் அடங்கிவிடுகின்றன. ஹோர்ன் வாசிப்போன் இந்நெருக்கமான பகுதியிலேயே பெரிதும் உலாவுகின்றான். உதட்டின் இறுக்கம் சிறிது பிசகினும் அடுத்த சுரம் ஒலித்துவிடும். விரல்கள் சரியான வால்வுகளை அழுத்தியிருந்தும் சுரம் தவறுதல் இக்கருவியில் அன்றாட நிகழ்ச்சியாகும்.

இதிலிருந்து ஆசிரியர் கொள்ளவேண்டிய முதற்பாடம் யாதெனின், செவிப்பயிற்சி விரற்பயிற்சிக்கு முற்பட்டது என்பதே. ஊதப்போகும் சுரத்தை மாணவன் மனத்தினுள்ளே முன்னதாகக் கேட்டல் வேண்டும். இக்காரணம் பற்றியே நல்லாசிரியர்கள் பிள்ளைகளைப் பாடலின் அடிகளை வாயாற் பாடச் செய்து, பின்னரே கருவியில் ஊதச் செய்கின்றனர். வாய்ப்பாட்டை அடிப்படையாகக் கொண்ட நம் இசை மரபில் வந்தோர்க்கு இது புதுமையன்று.

இக்கருவியின் வரலாறே ஆசிரிய மாணவ பரம்பரையின் வரலாறாகும். 18ஆம் நூற்றாண்டில் துறெஸ்டன் நகரிலிருந்த ஹம்பல் என்பார், கருவியின் அகன்ற வாயினுள் வலக்கையைச் செலுத்தி, இயற்கையில் இல்லாத சுரங்களையும் எழுப்பும் முறையை வளர்த்தார். அவரிடம் பயின்ற பொஹீமிய நாட்டவரான புந்தோ (1746-1803) ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றார். பேத்தோவன் 1800இல் அவருக்காக ஒரு சொனாற்றா இயற்றினார். புந்தோ தம்மைப் பயிற்றுவித்த பிரபுவின் சேவையினின்று தப்பியோடியபோது, அவர் மீண்டும் வாசிக்க இயலாதவாறு முன்பற்களைத் தகர்க்கும்படி அப்பிரபு ஆளனுப்பினார் என்றொரு கதை வழங்குகின்றது. 1818இல் ஸ்ரோல்செல், புளூமெல் என்னும் இருவர் பிரசியாவில் வால்வுக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். வால்வு வந்த பின்னரும் வலக்கை அவ்விடத்தினின்று அகலவில்லை. சுருதியைச் சீர்செய்யவும் ஒலியை மென்மைப்படுத்தவும் அது இன்றும் அங்கேயே இருக்கின்றது.

பற்களின் செய்தி கதைக்கு மட்டும் உரியதன்று. எவ்வயதிற் பயிற்சியைத் தொடங்கலாம் என்னும் வினாவுக்கு விடையும் பற்களிலேதான் உள்ளது. ஆங்கில நாட்டுப் பெருங்கலைஞர் டெனிஸ் பிறெயின் (1921-1957) ஹோர்ன் வாசிப்போர் குடும்பத்திற் பிறந்தவர். எனினும் பற்களும் உதட்டமைப்பும் முதிர்ச்சியடையு முன்னர் இக்கருவியை முறையாகப் பயிலலாகாது என்பது அவர் தந்தையார் ஓபிரி பிறெயினின் கொள்கை. அதனால் மைந்தர் இளமையிற் பியானோவும் ஓர்கனும் பயின்று, பின்னர் இலண்டன் றோயல் அக்கடமியிலே தந்தையாரிடமே ஹோர்ன் பயின்றார். 1943இல் பிரித்தன் என்னும் இசைவல்லார் குரலுக்கும் ஹோர்னுக்கும் நரம்பிசைக் கருவிகளுக்குமாக இயற்றிய செரனேட், டெனிசின் திறமையை எண்ணி எழுந்ததேயாகும். இக்காலத்தில் ஆசிரியர் அத்துணைக் காலம் காத்திருப்பதில்லை. முன்பற்கள் விழுந்து முளைத்தபின், 9 அல்லது 10 வயதளவில், பாரம் குறைந்த சிறு கருவியிற் பலர் தொடங்குகின்றனர். ஆயினும் அவசரம் கூடாதென்னும் ஓபிரியின் எச்சரிக்கை பொருளிழந்துவிடவில்லை.

இனிப் பயிற்றும் முறையை நோக்குவோம். ஊதுவாய் மேலுதட்டில் மூன்றில் இருபங்கும் கீழுதட்டில் ஒருபங்குமாக அமைதல் பொதுவிதி. உதடும் பல்லும் ஆளுக்காள் வேறுபடுதலின் விதிவிலக்கும் உண்டு. தொடக்கநிலை மாணவனுக்குக் கிழமைக்கு ஒருமுறை அரைமணி நேரப் பாடம் போதும். வீட்டிலும் ஒரே மூச்சில் ஒருமணி நேரம் ஊதுவதினும், சிறு சிறு பொழுதாகப் பிரித்து இடையிடையே ஓய்வு கொடுத்து ஊதுதலே பயன் தரும். உதடு களைத்தபோது உயர்ந்த சுரத்தைப் பெறுதற் பொருட்டுப் பிள்ளை ஊதுவாயைப் பல்லோடு சேர்த்து அழுத்தத் தொடங்கும். சுரம் அப்போதைக்குக் கிட்டும். உதட்டின் இரத்த ஓட்டமோ தடைப்படும். பழக்கமாகிவிட்டால் இவ்வழுத்தம் வளர்ச்சியை நிறுத்துவதோடு உதட்டுத் தசையைப் புண்படுத்தவுங் கூடும். மாணவனின் முகத்தைப் பார்த்தவுடன் களைப்பை அறிந்து ‘இன்று இதுபோதும்’ என்று சொல்ல வல்லவரே இத்துறையில் ஆசிரியர்.

உதட்டினும் எளிதிற் புண்படுவது உள்ளம். சுரம் உடைதல் இக்கருவியின் இயல்பு என்றோம். தேர்ந்த வாத்தியக்காரரும் அதனின்று முற்றாகத் தப்பியவரல்லர். சுரம் உடைந்தபோதெல்லாம் முகஞ்சுளிக்கும் ஆசிரியரிடம் பயிலும் பிள்ளை சுரத்தை மறந்து ஆசிரியரின் முகத்தையே எதிர்நோக்கும். அச்சத்தால் மூச்சுக் குறுகும். மூச்சுக் குறுகவே சுரம் மீண்டும் உடையும். இவ்வாறு ஆர்வமிழந்து கருவியைப் பெட்டியிற் பூட்டிவைத்த பிள்ளைகள் பலர். ஆசிரியர் தாமும் கருவியை ஏந்தி மாணவனோடு வாசித்தல் வேண்டும். தம் சுரம் உடையும்போது கலங்காது மேற்செல்வதை அவன் காணவேண்டும். பின்னர், சுரம் ஏன் உடைந்தது, மூச்சாலா, உதட்டாலா, முன்கூட்டிக் கேளாமையாலா என்று அவனையே ஆராயச் செய்தல் வேண்டும். தன் பிழையின் காரணத்தைத் தானே கண்டறியும் மாணவன் ஆசிரியரில்லாத ஆறு நாள்களிலும் கற்கின்றான்.

தனியாசிரியர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்குகளும் சில உள. கட்டணம், பாடநேரம், வரவியலாத நாள்களுக்குரிய ஏற்பாடு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்திற் கொடுத்துவிடுதல் இருபாலார்க்கும் நன்மை. பயிலுமிடம் பெற்றோர் எந்நேரமும் வந்து அமரத்தக்கதாக இருத்தல் வேண்டும். இளம்பிள்ளைகளின் பாதுகாப்பில் நற்பெயர் ஒன்றே போதிய சான்றாகாது. இலங்கையிலும் நடைபெறும் பிரித்தானியத் தரப்பரீட்சைகள் 1 முதல் 8 வரையான படிகளைக் கொண்டவை. அவை மாணவன் ஏறும் ஏணியேயன்றி ஏறிச் சேரும் இடமாகா. ஆண்டு முழுவதும் மூன்று பரீட்சைப் பாடல்களையே ஊதிய பிள்ளைக்கு இசையில் வெறுப்புத் தோன்றின் அது பிள்ளையின் குற்றமன்று. இருவர் சேர்ந்து வாசிக்கும் சிறு உருப்படிகளும், மாணவர் ஒருவர்க்கொருவர் வாசித்துக்காட்டும் கூட்டங்களும் பரீட்சைக்கு நிகராகப் போற்றத்தக்கன.

உண்மையுரைத்தலும் வழிகாட்டுவோன் கடனாகும். முழுமையான இசைக்குழுவொன்றில் வழக்கமாக இருக்கும் ஹோர்ன் இடங்கள் நான்கு. ஓரிடம் ஒழிந்தால் அதற்குப் போட்டியிடுவோர் மிகப் பலர். இதனை மறைத்து இசையே பிழைப்பாகுமென்று பிள்ளைக்கு ஆசை காட்டுவது தகாது. பிழைப்புக்கு உதவாதென்று கலையை இகழ்வதும் தகாது. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வாழ்ந்து, மாலையில் ஊர் இசைக்குழுவில் மூன்றாம் ஹோர்ன் வாசிப்பவரும் நிறைவான இசைஞரே. மாணவன் தம் அறிவின் எல்லையைத் தாண்டியபோது அவனைத் தம்மினும் வல்லாரிடம் மனமுவந்து அனுப்புதல் ஆசிரியரின் பெருந்தன்மைக்கு உரைகல்லாகும்.

நன்னூலாசிரியர் நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். உடைந்த சுரங்களைப் பொறுத்தலில் நிலமாகவும், செவியின் நுண்மையில் நிறைகோலாகவும் விளங்குபவர் கொம்பு வாத்தியம் பயிற்றுதற்குத் தக்கவர். அத்தகையாரிடம் தம் பிள்ளைகளை ஒப்புவிக்கும் பெற்றோர், முதல் ஆண்டில் வீட்டினுள் எழும் கரகரத்த ஓசையைச் சிறிது பொறுத்தருளுவாராக.