மாத்திரை எத்தனை மடக்கில் இறங்குகிறது?



கர்ப்பிணிக்கு நாலாம் மாதம் முதல் தினம் ஒரு சிவப்பு மாத்திரை என்று 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. இரத்த சோகை வராமல் காப்பது இதுதான்.

"ஏம்மா, மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"போடறேன் நர்ஸம்மா."

ஆனால் அரிசிப் பானைக்குள் கையை விட்டால் அட்டை முழுசாக இருக்கும்! "சோம்பேறி" என்று கணவர் அதட்டுவார். பல வீடுகளில் காரணம் அதுவல்ல. தொண்டையில் நிற்கிறது, குமட்டுகிறது. வெளியே சொல்ல வெட்கம்.

எனவே அளந்து பாருங்கள். மருந்து ஆராய்ச்சியில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டு, ஒரு முனை 'சுலபம்', மறுமுனை 'முடியவே இல்லை' என்று வைத்து, விழுங்கினவரையே புள்ளி வைக்கச் சொல்வார்கள். நமக்குத் தினசரிக் காலண்டர் தாளே போதும். எத்தனை மடக்குத் தண்ணீரில் இறங்கியது, ஒட்டிக்கொண்டதா, வாந்தி வந்ததா என்று கணவர் அதில் குறிக்கட்டும். ஒரு வாரத் தாள்களை நர்ஸம்மாவிடம் காட்டுங்கள். வெறுமனே "கஷ்டமா இருக்கு" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "அஞ்சு மடக்கு, ரெண்டு நாள் வாந்தி" என்றால் என்ன செய்யலாம் என்று அவர் யோசிப்பார்.

விழுங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தார் 151 பேரிடம் சோதித்து 2014-ல் வெளியிட்டது இது. காப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும். அண்ணாந்தால் முன்வாய்க்கே வந்துவிடும். வாயில் தண்ணீரோடு தலையைக் குனிந்து விழுங்கினால் தொண்டைப் பக்கம் போகும். 100-க்கு சுமார் 89 தடவை இது சுலபமாயிற்று. மாத்திரைக்கு வேறு வழி. அதை நாக்கில் வைத்து, தண்ணீர் நிறைந்த மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை உதட்டால் இறுகக் கவ்வி, காற்றுப் புகாமல் உறிஞ்சியபடியே விழுங்க வேண்டும். இதில் 100-க்கு சுமார் 60 தடவை பலன் கிடைத்தது. சோறு தண்ணீரே புரையேறுகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.

படுத்துக்கொண்டு விழுங்காதீர்கள். டீ, காப்பியோடு வேண்டாம். கேட்காமல் எந்த மாத்திரையையும் பொடிக்காதீர்கள்.

மீந்த மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையத்துக்கு எடுத்து வாருங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். பானையில் மட்டும் ஒளிக்காதீர்கள். மிட்டாய் என்று நினைத்துச் சின்னக் குழந்தை அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.